பைக்குள் நாலு பேர்

கொக்கரைப்பட்டியில் ஆவுடையப்பன் என்று ஒருவர் இருக்கிறார். வாழைத்தோட்டம் வைத்திருக்கிறார். வயது ஐம்பத்திரண்டு. யார் எதைச் சொன்னாலும் சொன்னதைச் சொன்னபடி செய்து முடிப்பவர். கல்யாணமான புதிதில் மாமனார் அவரிடம் மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வரச் சொன்னார். ஆவுடையப்பன் ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துப்போய் மாட்டின் முகத்துக்கு நேரே பிடித்து நன்றாகக் காட்டினார். மாடும் பார்த்தது. பிறகு தண்ணீரைத் திரும்பக் கொண்டுவந்து குடத்திலேயே ஊற்றிவிட்டார். மாடு நாக்கை நீட்டிக்கொண்டு வந்ததாகவும், தான் அசந்துவிடவில்லை என்றும் மாமனாரிடம் சொன்னாராம்.

அவருக்கு இரண்டு தம்பிகள். பெரியவன் கொம்பையா, சின்னவன் மாசானம். மூன்று பேரில் ஆவுடையப்பன்தான் விவரமானவர் என்று தம்பிகள் இருவரும் சொல்வார்கள். வேறு யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

இவர்களுக்கு ஒரே தங்கச்சி, சண்முகவடிவு. எப்படியோ அவள் மட்டும் தப்பிவிட்டாள். படித்தாள், கேமரா வாங்கினாள், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஸ்டுடியோ போட்டாள். பாஸ்போர்ட் போட்டோவும் காதுகுத்தும் எடுத்துக்கொண்டிருந்தவளுக்கு முதல்முறையாக ஒரு பெரிய கல்யாணம் கிடைத்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மணலோடையில் அரிசி மில்காரர் வீட்டுக் கல்யாணம். இதை ஒழுங்காக எடுத்துக் கொடுத்தால் அந்தப் பக்கத்துக் கல்யாணமெல்லாம் அவளைத் தேடி வரும். சொதப்பினால் மறுபடியும் பாஸ்போர்ட் போட்டோதான்.

இந்த நேரம் பார்த்து லென்ஸ்களுக்குள் பூஞ்சை பிடித்திருந்தது. நான்கையும் துடைத்துத் தரச் சொல்லி வெளியூருக்கு அனுப்பியிருந்தாள். மழையில் பார்சல் தாமதமாகிவிட்டது. கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் வடிவு கேமராவையும் விளக்குகளையும் எடுத்துக்கொண்டு மணலோடைக்குப் போன பிறகு, சாயங்காலம் பார்சல் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. லென்ஸ் இல்லாத கேமராவை வைத்துக்கொண்டு அவள் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தாள். தெரிந்தவர்கள் நாலு பேருக்குப் போன் போட்டுப் பார்த்தாள். ஒருவரும் ஊரில் இல்லை. வேறு வழியில்லாமல்தான் ஆவுடையப்பனைக் கூப்பிட்டாள்.

நாளைக் காலையில் ஒன்பது மணிக்கு முகூர்த்தம், அதற்குள் லென்ஸையெல்லாம் கேமராப் பையில் அடுக்கி மூன்று பேருமாகக் கொண்டுவந்துவிட வேண்டும் என்றாள். லென்ஸைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணாடியில் விரல் படக் கூடாது. ஒன்றோடு ஒன்று முட்டக் கூடாது. மூடிகள் பத்திரம், தொலைந்தால் கிடைக்காது. வழியில் எங்கேயும் பையைக் கீழே வைக்கக் கூடாது, பையை விட்டுக் கண்ணை எடுக்கவும் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், ஈரம் படவே கூடாது, பட்டால் மறுபடி உள்ளே காளான் வந்துவிடும்.

ஆவுடையப்பன் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி மனதில் ஏற்றிக்கொண்டார். கடைசியில் வடிவு குரலைத் தாழ்த்தி, "அண்ணே, உன்னை நம்பித்தான் இருக்கேன்," என்றாள். அந்த வார்த்தை அவருக்கு நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதுவரை அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. தங்கச்சி முகம் வாடும்படி ஒரு தப்பும் நடக்கக் கூடாது என்று முடிவு செய்து தம்பிமாரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

மாசானத்துக்குக் காளான் என்றால் உயிர். ஈரம் பட்டால் உண்மையிலேயே காளான் வருமா, வந்தால் ஒரு லென்ஸுக்கு எவ்வளவு வரும், நாலுக்கும் சேர்த்து ஒரு குழம்புக்குக் காணுமா என்று விசாரித்தான். தங்கச்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், அவளுக்குக் காளான் பிடிக்காது போலிருக்கிறது என்று சொல்லி ஆவுடையப்பன் அந்தப் பேச்சை முடித்துவைத்தார்.

பார்சலைப் பிரித்தார்கள். விரல் படக் கூடாது என்பதால் மூன்று பேரும் கைகளைப் பொத்திக்கொண்டு முழங்கையால் வேலை செய்தார்கள். ஒவ்வொரு லென்ஸின் மேலும் வெள்ளையாக ஒரு எண் எழுதியிருந்தது. ஒன்றில் இருபத்துநாலு. ஒன்றில் ஐம்பது. ஒன்றில் எண்பத்தைந்து. கடைசியாக இருந்த நீளமான ஆளுக்கு எழுபது என்று போட்டு, ஒரு கோடு இழுத்து, இருநூறு என்று போட்டிருந்தது.

"வயசு எழுதியிருக்காவ," என்றான் கொம்பையா.

ஆவுடையப்பனும் அப்படித்தான் நினைத்தார். ஆனால் அந்த நீள லென்ஸ் மாசானத்தைக் குழப்பியது. "எழுபதுங்கு, இருநூறுங்கு. எதை எடுத்துக்கிடுறது?"

"அந்தக் காலத்துல பொறந்த தேதியை யாருலே எழுதி வச்சா? குத்துமதிப்பாப் போட்டிருப்பாவ," என்றார் ஆவுடையப்பன்.

"அப்போ இவுக எல்லாரும் பெரியவுக. தங்கச்சி குழந்தை மாதிரி பாத்துக்கிடணும்னு சொல்லுதா."

ஆவுடையப்பன் அதற்கும் விடை வைத்திருந்தார். "வயசாயிட்டா எல்லாரும் குழந்தைதாம்ல. நம்ம தாத்தா கடைசிக் காலத்துல கஞ்சியைத் துப்பிக்கிட்டுக் கெடக்கலியா?"

அதற்கப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. பைக்குள் இருந்த தடுப்புப் பஞ்சுகளை மெத்தை என்று நினைத்து அடியில் விரித்தார்கள். ஒருவரோடு ஒருவர் முட்டாமல் இருக்க நடுநடுவே காய்ந்த வாழைச்சருகைத் திணித்தார்கள். வாழைக்காரர்கள், சருகை எப்படித் திணிப்பது என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த ஒரு காரியம் மட்டும் அவர்களை அறியாமலே சரியாக நடந்துவிட்டது. இருபத்துநாலு எளவட்டம், பாரம் தாங்கும் என்று கீழே போட்டார்கள். எண்பத்தைந்து ஏறி இறங்கச் சிரமப்படுவார் என்று ஜிப்புக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

மூடி விஷயத்தில்தான் பெரிய விவாதம். மூடி எங்கே தொலையும் என்று ஆவுடையப்பன் கேட்டார். வழியில் தொலையும் என்று கொம்பையா சொன்னான். அப்படியானால் வழிக்குக் கொண்டுபோகாமல் இருந்தால் தொலையாது அல்லவா. முன்மூடி நாலு, பின்மூடி நாலு, எட்டையும் பல்லால் கடித்தும் முழங்கையால் திருகியும் கழற்றி, அரிசிப் பானைக்குள் புதைத்துவைத்தார்கள். மூடி இல்லாமல் நாலு பேருக்கும் சளி பிடித்துக்கொள்ளுமே என்று மாசானம் கவலைப்பட்டான். அடுத்த வீட்டில் போன மாதம்தான் பிள்ளை பிறந்திருந்தது. அங்கே போய்க் கம்பளிக் குல்லா நாலு வாங்கிவந்து ஆளுக்கொன்றாக மாட்டிவிட்டான். ஊர்க்கண் படாமல் இருக்க நாலு கண்ணாடியின் ஓரத்திலும் ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தார்கள். விரல் படவில்லை. ஈர்க்குச்சியில் மை தொட்டுத்தான் வைத்தார்கள்.

பையைக் கீழே வைக்கக் கூடாது. ஆகவே விட்டத்தில் சேலையைக் கட்டித் தொட்டில் போட்டு அதில் படுக்கவைத்தார்கள். ஆவுடையப்பனின் மனைவி கோமு இதையெல்லாம் அடுக்களை வாசலில் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள். இருபத்தெட்டு வருஷமாகக் குடும்பம் நடத்துகிறவள்.

காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். பச்சைப்பிள்ளையை முதுகில் யாரும் தூக்குவதில்லை என்பதால் கொம்பையா பையை முன்பக்கமாக நெஞ்சோடு சேர்த்து மாட்டிக்கொண்டான். பையை விட்டுக் கண்ணை எடுக்காத பொறுப்பு மாசானத்துக்கு. பை கொம்பையாவின் நெஞ்சில் இருந்ததால் மாசானம் அவனுக்கு முன்னால், அவனைப் பார்த்தபடி, பின்பக்கமாக நடந்தான். ஆவுடையப்பன் பக்கத்தில் நடந்து மேற்பார்வை பார்த்தார்.

பத்தடி போவதற்குள் மாசானம் நின்றுவிட்டான். கண் எரிந்தது. "அண்ணே, கண்ணைச் சிமிட்டலாமா?"

"சிமிட்டுனா கண்ணை எடுத்ததா ஆயிருமா?" என்று ஆவுடையப்பன் கொம்பையாவிடம் கேட்டார்.

"கண்ணு அங்கதான இருக்கு. மூடிக்கிட்டு இருக்கு, அவ்வளவுதான்."

"மூடுன கண்ணு பாக்காதுல்ல. பாக்காத கண்ணு இருந்தா என்ன, இல்லாட்டா என்ன?"

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மாசானம் சிமிட்டும்போது ஆவுடையப்பன் பார்த்துக்கொள்வார். கடைத்தெரு நெடுக, "சிமிட்டுதேன் அண்ணே," என்று மாசானம் சொல்லச் சொல்ல, "நான் பாத்துக்கிடுதேன்," என்று ஆவுடையப்பன் பதில் சொல்லிக்கொண்டே போனார். டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க மறந்து நின்றார்கள். பின்பக்கமாக நடந்த மாசானம் ஒரு சைக்கிளையும், முறுக்குக் கூடையையும், சாமி கும்பிட்டுக்கொண்டிருந்த ஒரு வாத்தியாரையும் சாய்த்தான். கண்ணை மட்டும் எடுக்கவில்லை.

பஸ்ஸில் கண்டக்டர் எத்தனை பேர் என்று கேட்டார்.

"ஏழு பேரு," என்றார் ஆவுடையப்பன். "நாலு பேரு பைக்குள்ள இருக்காவ."

கண்டக்டர் பையைப் பார்த்தார். ஜிப் இடுக்கில் ஒரு குல்லா தெரிந்தது. அவர் குரல் மாறிவிட்டது. "உள்ள இருக்கறவங்களுக்கு என்ன வயசு?"

"ஒருத்தருக்கு இருபத்துநாலு. ஒருத்தருக்கு அம்பது, இன்னொருத்தருக்கு எம்பத்தஞ்சு. பெரியவரு ஒருத்தரு இருக்காரு. எழுபதுக்கு மேல, இருநூறுக்குள்ள."

கண்டக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மூன்றே மூன்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு வேகமாகப் படிக்கட்டுப் பக்கம் போய்விட்டார். இறங்கும்வரை அவர் அந்தப் பக்கம் வரவில்லை.

மணலோடைக்குப் போகும் ஆற்றுப்பாலத்தில் மராமத்து வேலை நடந்துகொண்டிருந்தது. பஸ் இக்கரையிலேயே நின்றுவிட்டது. மற்றவர்கள் எல்லாம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போனார்கள். மூன்று பேரும் கரையில் நின்றார்கள். அக்கரையில் கல்யாண வீட்டு மேளம் கேட்டது. மணி எட்டேகால்.

"ஈரம் படக் கூடாதுன்னா," என்றான் கொம்பையா.

ஆற்றைப் பார்த்தால் முழுக்க ஈரமாகத்தான் இருந்தது. சித்திரையில் வற்றிவிடும், அதுவரை இருந்து பார்க்கலாம் என்றான் மாசானம். இது ஐப்பசி, ஆறு மாசம் ஆகும் என்று ஆவுடையப்பன் விரலை மடக்கிக் கணக்குச் சொன்னார். மாப்பிள்ளை அதுவரை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாரா என்பது கொம்பையாவின் சந்தேகம். இருந்தாலும் அந்த மேளச் சத்தம் ஆவுடையப்பனை விடவில்லை. உன்னை நம்பித்தான் இருக்கேன் என்று சொன்ன குரல் மறுபடி மறுபடி காதில் விழுந்தது. தங்கச்சி வாசலில் வந்து நின்று எட்டிப் பார்ப்பது போலவும், பார்த்துப் பார்த்து முகம் சுருங்குவது போலவும் அவருக்குத் தோன்றியது.

துணி வெளுக்க வந்த ஒரு அம்மாள் இவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு போனால் என்ன என்று கேட்டாள். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்படி ஒரு மூளை இந்த ஆற்றங்கரையில் துணி துவைத்துக்கொண்டிருக்கிறதே என்று ஆவுடையப்பனுக்கு வருத்தமாக இருந்தது.

கொம்பையா தலையில் பையோடு தண்ணீரில் இறங்கினான். மாசானம் அண்ணாந்து பையைப் பார்த்தபடி அவனுக்கு முன்னால் பின்பக்கமாக நடந்தான். நடு ஆற்றில் மணல் அள்ளின குழி ஒன்று இருந்தது. மாசானம் அதில் நேராக இறங்கிவிட்டான். முதலில் இடுப்பு போயிற்று, பிறகு தோள், பிறகு தலை. ஆவுடையப்பன் பதறிக் குனிந்து பார்த்தார். தெளிந்த தண்ணீருக்கு அடியில் மாசானம் கண்களை அகலத் திறந்துகொண்டு பையையே பார்த்தபடி நின்றான். அண்ணனின் முகம் மேலே தெரிந்ததும் ஒரு கையை ஆட்டி, சிமிட்டப்போகிறேன் என்று ஜாடை காட்டினான். ஆவுடையப்பன் உடனே பையைப் பார்த்தார். அப்புறம்தான் தம்பியின் தலைமுடியைப் பிடித்து மேலே இழுத்தார்.

மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டு ஐம்பது. வடிவு வாசலில்தான் நின்றிருந்தாள். மாப்பிள்ளை மேடைக்கு வந்தாகிவிட்டது, பெண்ணைக் கூப்பிட்டாகிவிட்டது. அவள் கொம்பையாவின் தலையிலிருந்து பையை இறக்கி ஜிப்பைத் திறந்தாள்.

நாலு குல்லா அவளைப் பார்த்தன. ஒன்றைக் கழற்றினாள். கண்ணாடியின் ஓரத்தில் கறுப்பாகப் பொட்டு இருந்தது.

"மூடி எங்க அண்ணே?"

"பத்திரமா இருக்கு தாயி. வீட்ல, அரிசிப் பானைக்குள்ள."

வடிவு கண்ணை மூடித் திறந்தாள். ஒவ்வொரு லென்ஸாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீறல் இல்லை, ஈரம் இல்லை, நாலும் முழுசாக இருந்தன. ஆவுடையப்பன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வடிவு தலைநிமிர்ந்து மூன்று அண்ணன்களையும் பார்த்தாள். இரண்டு பேர் முழங்கால்வரை நனைந்திருந்தார்கள், ஒருவர் தலைவரை நனைந்திருந்தார். அவள் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று ஆவுடையப்பன் நினைத்தார். அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே மெல்லிய துணியால் மையைத் துடைத்து, எண்பத்தைந்தைக் கேமராவில் மாட்டிக்கொண்டு மேடைக்கு ஓடினாள்.

தாலி கட்டுகிற படம் அருமையாக விழுந்தது. பெண்ணின் அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வதுகூடத் தெளிவாக விழுந்திருந்தது. அரிசி மில்காரர் கேமராவின் சின்னத் திரையில் அதைப் பார்த்துவிட்டு, இன்னொரு மகளுக்கும் வைகாசியில் முகூர்த்தம் பார்க்கிறோம், நீயே வந்துவிடம்மா என்று சொன்னார். பந்தியில் மூன்று அண்ணன்களும் இது காதில் விழும்படியான இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஆவுடையப்பன் பாயசத்தை மூன்று தடவை கேட்டு வாங்கினார். சந்தோஷத்தில்தான்.

மத்தியானம் வடிவு அவர்களை வீட்டுக்கு அனுப்பினாள். அவளுக்குச் சாயங்கால வரவேற்பு இருந்தது. அந்த நீள லென்ஸ் தூரத்தில் உள்ளதைக் கிட்டே கொண்டுவருவது, மண்டபத்துக்குள் அதற்கு இனி வேலையில்லை, அதை மட்டும் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுங்கள் என்று பையில் போட்டுக் கொடுத்தாள். பத்திரம் என்று சொல்ல வாயெடுத்தாள், நிறுத்திக்கொண்டாள்.

மறுபடி ஆற்றைக் கடந்து இக்கரையில் பஸ்ஸுக்காக நின்றார்கள். பஸ் வரவில்லை. அங்கிருந்து பார்த்தால் கொக்கரைப்பட்டிக்குப் பின்னால் இருக்கிற குன்றும், அதன் மேல் நிற்கிற செல்போன் கோபுரமும் தூரத்தில் மங்கலாகத் தெரியும்.

"இது தூரத்துல உள்ளதைக் கிட்ட கொண்டாருமாம்ல," என்றான் கொம்பையா. "ஊரைக் கிட்ட கொண்டாந்துட்டா ஏறி நடந்துருலாம். எதுக்கு பஸ்ஸு?"

ஆவுடையப்பன் அந்த யோசனையில் ஒரு குறையும் காணவில்லை. லென்ஸை எடுத்து இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவே பிடித்து, கையை நீட்டி, ஊர் இருக்கிற திசையில் காட்டிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். லென்ஸுக்குள் கொக்கரைப்பட்டிக் குன்று தலைகீழாகத் தொங்கியது. கோபுரம் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது. வானம் அடியில் கிடந்தது.

"ஊரு கவுந்து போச்சுலே," என்றார் மெதுவாக.

கொம்பையா பார்த்தான். மாசானம் பார்த்தான். சந்தேகமே இல்லை. காலையில் கிளம்பும்போது நன்றாகத்தான் இருந்தது. ஆவுடையப்பன் உடனே கோமுவுக்குப் போன் போட்டார். ஊரில் எல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்டார். எல்லாம் நல்லாத்தான் இருக்கு, துணி காயப்போட்டுக்கிட்டிருக்கேன் என்றாள் அவள். நேராகத்தான் நிற்கிறாயா என்று கேட்டார். அவள் போனை வைத்துவிட்டாள்.

"ஒண்ணும் ஆகலைங்கா," என்றார் தம்பிகளிடம்.

"அவுகளுக்கு எப்படித் தெரியும்?" என்றான் மாசானம். "கவுந்து கெடக்கறவுகளுக்கு எல்லாம் நேராத்தான் தெரியும்."

இதில் இருந்த உண்மை மூன்று பேரையும் உலுக்கிவிட்டது. கடைசியில் கொம்பையா லென்ஸை வாங்கி, ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, குனிந்து, கால் இடுக்கு வழியாகப் பார்த்தான். குன்று நேராக நின்றது. கோபுரம் மேல்நோக்கி நின்றது. அவன் மற்ற இருவரையும் கூப்பிட்டுக் காட்டினான். இப்படி இருந்தால்தான் அந்த ஊருக்குள் போக முடியும் என்பது தெளிவாகிவிட்டது.

பஸ் வந்து நின்றபோது, நிறுத்தத்தில் மூன்று பேர் வரிசையாகத் தலையைக் காலுக்கு நடுவே விட்டுக் குனிந்து நின்றார்கள். காலையில் வந்த அதே கண்டக்டர். அவர் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, விசில் அடிக்கக் கையைத் தூக்கினார்.

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி," என்றார் ஆவுடையப்பன் கால் இடுக்கு வழியாக. "டிரைவருகிட்ட சொல்லி பஸ்ஸைக் கவுத்துப் போட்டு ஓட்டச் சொல்லுங்க. இப்படியே போனியன்னா ஊருக்குள்ள நுழையுத இடத்துல எல்லாரும் வானத்துல கொட்டிப் போயிருவிய."